வெள்ளைப் பந்து நின்ற இடம்

நியூஜெர்சிக்கு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது எனக்கு 66 வயது. கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் அது கால் இல்லாத மாதிரிதான். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பி, பேரனும் பள்ளி பஸ் ஏறிவிட்டால் நாலு மணி வரை வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. "மாமா, சீனியர் சென்டருக்குப் போய்ப் பாருங்களேன், வேன் வந்து கூட்டிட்டுப் போகும்" என்று மருமகள்தான் என் பெயரை எழுதி வைத்தாள்.

அங்கே ஒரு பூல் மேசை கிடந்தது. நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதை மோதவிட்டு மற்ற பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டம். மதுரையில் முப்பது வருஷம் கேரம் ஆடியவன் நான், கோணம் பார்க்கத் தெரியாதா? முதல் நாளே ஒரு பந்தைக் குழியில் தள்ளிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, அடுத்த அடிக்குத் தோதான இடத்தில் வைத்தேன். ஸ்ட்ரைக்கர் பழக்கம்! சுற்றி நின்ற கிழவர்கள் (நான் மட்டும் என்ன குமரனா) வாய்விட்டுச் சிரித்தார்கள். தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ஒருவர் பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். "அது எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடிக்க வேண்டும்" என்றார்.

வில்லி மாஸ்கோனி என்ற பூல் சாம்பியனைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். மாஸ்கோனியும் ஃபிலடெல்ஃபியாக்காரர். அப்பா பூல் கூடம் நடத்தியும் மகனை ஆட விடவில்லையாம். பையன் அடுக்களை உருளைக்கிழங்கைத் துடைப்பக் கட்டையால் தட்டிப் பழகியிருக்கிறான். பிறகு 1941-க்கும் 1957-க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம். 1954-ல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்து. 1993-ல் அவர் காலமான ஹாடன் ஹைட்ஸ், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம்.

பேரன் டிவியில் பழைய பதிவுகளைத் தேடிக் கொடுத்தான். 1978 பிப்ரவரியில், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மாஸ்கோனியும் மினசோட்டா ஃபேட்ஸ் என்ற இன்னொரு பூல் ஆட்டக்காரரும் மோதியது முதலில். இருவருக்கும் 65 வயசை ஒட்டி. ஃபேட்ஸ் வாயே மூடவில்லை. மாஸ்கோனி கடுகடுவென்று ஆடி ஜெயித்தார். எனக்கென்னவோ அதில் ஆட்டத்தைவிடக் கூத்து அதிகம்.

என்னைக் கட்டிப்போட்டவை 1980-களின் தொடக்கத்தில் எடுத்தவை. மாஸ்கோனி, இர்விங் கிரேன், லூதர் லாசிட்டர் என்று அறுபதைத் தாண்டிய பழைய சாம்பியன்கள். மாஸ்கோனி பக்கவாதத்திலிருந்து மீண்டவர் வேறு. முதல் தடவை நான் குழியைத்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை வெள்ளைப் பந்தை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அது ஓடவே இல்லை. ஒரு சாண் நகரும், நிற்கும்; நின்ற இடத்திலிருந்து அடுத்த பந்து நேராகக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேசையைச் சுற்றி அலைய வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. கேரத்தில் இந்தக் கவலை கிடையாது. காய் விழுந்தால் ஸ்ட்ரைக்கர் நம் கைக்குத் திரும்பி வந்துவிடும்.

அவர்கள் காலத்தில் பட்டத்துக்கு ஆடியது 'ஸ்ட்ரெயிட் பூல்'. எந்தப் பந்தை எந்தக் குழியில் என்று முன்கூட்டியே சொல்லி அடிக்க வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. பதினைந்தில் பதினாலு விழுந்ததும் அவற்றை மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சமிருந்த ஒன்றைக் குழியில் போட்டு, அதே அடியில் வெள்ளைப் பந்து அடுக்கையும் கலைக்க வேண்டும். அதற்கு வாகான பந்தை முன்னாலேயே யோசித்து விட்டுவைக்கிற சாமர்த்தியம் இருக்கிறதே, அடடா! கிரேன் 1966 அமெரிக்க ஓப்பன் பூல் போட்டியின் இறுதியில் இப்படியே தொடர்ந்து 150 அடித்து ஆட்டத்தை முடித்தவர்.

சென்டரில் என் கணக்கு மூன்று, நாலு என்றுதான் நகர்ந்தது. போன வாரம் ஒரே மூச்சில் 11 விழுந்தது. பன்னிரண்டாவதுக்குக் குனிந்தால், வெள்ளைப் பந்து ஓரக்கட்டையை ஒட்டிப் போய் நின்றிருக்கிறது. கை தன்பாட்டுக்கு அதை நோக்கி நீண்டது. பின்னாலிருந்து தெற்கு ஃபிலடெல்ஃபியாக்காரர் தொண்டையைக் கனைத்தார்.