ஒரு அரைப்புள்ளி செய்யும் வேலை

பத்து நெடுவரிசை வர வேண்டிய அட்டவணை, திரையில் ஒரே நெடுவரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மடிக்கணினி மூடியில் சிவப்பு ஒட்டுத்தாள். உதவி வேண்டும் என்று அர்த்தம்.

தென்னாப்பிரிக்காவில் ஆய்வாளர்களுக்கு ஆர் (R) என்ற தரவு அலசும் கணினி மொழி சொல்லித்தரும் பயிலரங்குகளில் இது நடக்கும்.

அந்நாட்டு விண்டோஸ் அமைப்பில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 3.5 அங்கே 3,5. அதனால், வழக்கமாகக் காற்புள்ளியால் நெடுவரிசைகளைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பைச் சேமிக்கும்போது எக்செல் அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கிறது. காற்புள்ளியை எதிர்பார்த்துக் கோப்பைப் படிக்கும் ஆர் கட்டளையான ரீட்.சிஎஸ்வி (read.csv) திணறும். ரீட்.சிஎஸ்வி2 என்று கடைசியில் ஒரு 2 சேர்த்தால் தீர்ந்தது.

வேறு நாட்டில் எழுதிய பாடக்குறிப்பில் இதைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் உதவியாளர் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

எச்3ஏபயோநெட் (H3ABioNet) என்ற ஆப்பிரிக்க ஆய்வு வலையமைப்பு 2016-ல் நடத்திய உயிர்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியில் அலசும் துறை) அறிமுக வகுப்பின் பலமே அப்படிப்பட்ட உள்ளூர் உதவியாளர்தான். 10 ஆப்பிரிக்க நாடுகள், 20 நிறுவனங்கள், 364 பேர். ஒவ்வொரு அறையிலும் கற்பித்தல் உதவியாளர்கள். விரிவுரைகள் முன்பே பதிவானவை. இணையம் படுத்தாலும் பாடம் ஓடும்.

நீங்கள் பயிலரங்கு நடத்தினால் இதையும் நினைவில் வையுங்கள்: முப்பது பேர் ஒரே நேரத்தில் மென்பொருளைத் தரவிறக்கினால் எந்த வைஃபையும் தாங்காது (நம்மூரிலும்தான்). முந்தின நாளே பென்டிரைவில் ஏற்றி வையுங்கள், விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று.