கேள்வித்தாளை மடித்து வைத்த நாள்

பெத்தலில் மூன்று நாள் காத்திருந்தேன். அலாஸ்காவின் தென்மேற்கே யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலை நோக்கி விரிகிற சமவெளிக்கு அதுதான் நடு ஊர். சுற்றிலும் யூப்பிக் மக்களின் கிராமங்கள், ஐம்பதுக்கு மேல். வெளியூரிலிருந்து போக ஒரு சாலைகூடக் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி, மற்றபடி சின்ன விமானம்தான். அதுவும் மூடுபனி விலகினால்தான் கிளம்பும். நான்காம் நாள் நான் ஏறியபோது என் பையில் நாற்பது பக்கக் கேள்வித்தாள் இருந்தது.

நான் புள்ளியியல் படித்தவள். இளைஞர்களைத் தற்கொலையும் குடியும் அண்டாமல் காப்பது எப்படி என்ற ஆய்வில் அளவீடு என் பொறுப்பு. அலாஸ்கா பழங்குடி இளைஞர்களிடையே தற்கொலை அமெரிக்கச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். கேள்விகள் எல்லாம் பல இடங்களில் சோதித்துத் தேறியவை. 'கடந்த 30 நாட்களில் சாக வேண்டும் என்று நினைத்தாயா?' என்பது அதில் ஒன்று.

போய் இறங்கிய கிராமத்தில், பள்ளிக்கூட நூலகத்தில் கூட்டம். பழங்குடி மன்றத்தார், ஊர்ப் பெரியவர்கள் என்று பதினைந்து பேர். எங்கள் திட்டத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண் மொழிபெயர்த்தார். அந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். காதில் விழவில்லை போல என்று நான் மறுபடியும் படித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டி, தைத்துக்கொண்டிருந்த தோல் கையுறையை மடியில் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். சொல்லுக்குச் சக்தி உண்டு. பிள்ளைகள் எதிரில் அதைச் சொன்னால், அதையே வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தது போல ஆகும் என்றார். அவர் பேரனை அந்த வசந்தத்தில்தான் அடக்கம் செய்திருந்தார்கள் என்று இரவுதான் எனக்குத் தெரிந்தது.

என் அப்பாயி விளக்கை அணை என்று ஒருநாளும் சொன்னதில்லை, மலையேற்று என்பார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த அறையில் அது ஞாபகம் வரவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டாவது முறை படித்ததை நினைத்தால் மனசு கூசுகிறது.

அந்த மௌனத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1979இல் வடக்கே பாரோ என்ற ஊரில், இன்யூப்பியாக் என்ற இன்னொரு பழங்குடி மக்களிடையே, குடிப்பழக்கம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஊர்க்காரர்கள் முடிவைப் படித்து யோசிக்கும் முன்பே அது கிழக்குக் கடற்கரையில் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. ஒரு ஊரே குடித்துச் சீரழிந்தது போலச் செய்தி வந்தது. அந்த ஊருக்கு இப்போது உட்கியாக்விக் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் பட்ட அவமானம் அலாஸ்கா முழுக்கப் பழங்குடிகளுக்கு நினைவிருக்கிறது. 90களின் நடுவில் குடியை விட்ட பழங்குடித் தலைவர்கள் பல்கலைக்கழகத்தாரிடம் வேறு விதமாகக் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏன் குடிக்கிறார்கள் என்பதை விடுங்கள், குடிக்காமல் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராயுங்கள் என்றார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் குங்காஸ்விக் என்ற தடுப்புத் திட்டம். யூப்பிக் மொழியில் கருவிப்பெட்டி என்று பொருள். முன்காலத்தில் ஆண்கள் கூடியிருந்து வேலை செய்த, சிறுவர்கள் பேச்சைக் கேட்டே கற்ற பொதுவீட்டுக்குக் கஸ்கிக் என்று பெயர். அந்தக் கூடுகையின் முறையிலேயே ஊர்க்காரர்கள் திட்டத்தை நடத்துகிறார்கள். என்ன கற்றுக்கொடுப்பது, யார் கொடுப்பது, எப்போது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

சரி, அளப்பது எப்படி? உயிரோடு இருக்கப் பிள்ளைகளுக்கு உள்ள காரணங்களைக் கேட்கலாம். குடும்பம் தன்னைத் தாங்குகிறதா, பெரியவர்கள் தன்னைக் கவனிக்கிறார்களா, தனக்கென்று ஊரில் ஓர் இடம் இருக்கிறதா. குங்காஸ்விக் ஆய்வாளர்கள் முன்பே போட்ட பாதை அது. முதலில் நான் இதை மரியாதைக்காகச் செய்யும் சமரசம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புள்ளியியலும் அதையே சொல்வது தெரிந்தது. ஒரு கிராமத்தில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் எழுபது எண்பது பேர் இருந்தால் பெரிது. ஒரு வருஷம் சாவு இல்லையென்றால் திட்டம் ஜெயித்தது என்றோ, ஒன்று விழுந்தால் தோற்றது என்றோ அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லவே முடியாது. பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது எதுவோ அதைத்தான் அளக்க முடியும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேரைத் திட்டத்திலிருந்து விலக்கி வைப்பதும் நடக்காது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைப் படகில் ஏற்றி இன்னொன்றைக் கரையில் நிறுத்த மாட்டார். அதனால் ஊர்களை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

2018இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், குங்காஸ்விக் நிகழ்ச்சிகள் அதிகம் நடந்த ஊரில் வாழ்வதற்கான காரணங்கள் கூடியிருந்தன. குடியின் விளைவுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தில் அப்படித் தெளிவான மாற்றம் இல்லை. இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அந்த நவம்பரில் யூக்கான் உறையத் தொடங்கியபோது ஒரு பெரியவர் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போனார். கையில் இரும்பு முனை வைத்த கழி. முன்னால் ஓங்கி ஒரு குத்து, காது கொடுத்து ஒரு நிமிடம், பிறகு ஓர் அடி. கெட்டியான இடத்தில் சத்தம் கணீரென்று வந்தது, மெலிந்த இடத்தில் பொத்தென்று அமுங்கியது. மேலே பனி மூடியிருந்தால் நம்பாதே, போர்வைக்கு அடியில் ஐஸ் சீக்கிரம் தடிக்காது என்றார். ஒரு குத்தில் தண்ணீர் வந்துவிட்டால் வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும், பின்னால் வருகிறவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் ஒரு பையன் கழியை வாங்கி முன்னால் போனான். ஆறு பேர் அவன் தடத்தில் நடந்தார்கள். சாவு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நான் குறிப்பேட்டைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு ஏழாவதாக நடந்தேன்.

இப்போது என்னை அரிக்கும் கவலை மீன். நிகழ்ச்சிகளில் பாதி மீனைச் சுற்றித்தான். 2021இல் யூக்கானில் சம் என்ற வகை சால்மன் மீனின் வரத்து படுத்துவிட்டது, குடும்பச் சாப்பாட்டுக்குப் பிடிக்கவும் தடை வந்தது. 2024இல் அலாஸ்காவும் கனடாவும் கிங் என்ற பெரிய வகை சால்மனை ஏழு வருஷம் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. கடல் சூடாவதை எந்தக் கிராமமும் தடுக்க முடியாது. என் மாதிரி ஆட்கள் எழுதும் அறிக்கைகளில் இதற்குக் கட்டம் இல்லை. என்னைக் கேட்டால் மனநலத்துக்கான பணத்தில் ஒரு பங்கு ஆற்றுக்குப் போக வேண்டும்.

ஜூலைக்கான மீன் முகாமை ரத்து செய்யலாமா என்று கேட்டேன். கையுறை தைத்த அந்தப் பாட்டி தேதியை மாற்ற வேண்டாம் என்றார். சிறுகண் வலையில் வெள்ளைமீனும் பைக் மீனும் வந்தன. பிறை வடிவ ஊலுவாக் கத்தியைப் பிடிக்கச் சொல்லி, கிங் சால்மனுக்குப் போடுகிற அதே வெட்டைச் சின்ன மீனில் போட வைத்தார். முதுகெலும்பை ஒட்டி, வாலில் விடாமல். பிள்ளைகளின் கை வழுக்கி வழுக்கிச் சதை கிழிந்தது. அதையும் காயப்போடச் சொன்னார். மீன் காயப்போடும் பத்துக் கழிகளில் ஒன்றுதான் நிறைந்தது. வருகைத்தாளில் பத்தொன்பது பெயர் எழுதினேன். மறுநாள் காலை இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி தன் தங்கையையும் கூட்டி வந்திருந்தாள், அவளுக்கு வயது எட்டு, எங்கள் ஆய்வில் சேராது. பாட்டி அவளுக்கும் ஒரு கத்தி கொடுத்தார்.