தமிழ் ஃபான்ட் போட்டதற்கு நிரந்தர பேன்: ஐடியை மீட்டெடுத்த கதை

போன வாரம்தான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் என் ஐடி (கணக்கு) திரும்பக் கிடைத்தது. நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. மோட், அதாவது விளையாட்டின் ஃபைலை மாற்றும் வேலை, பயன்படுத்தியதாகச் சொல்லி நிரந்தர பேன் (தடை) கொடுத்திருந்தார்கள். தானாகக் குறி பார்க்கும் எய்ம்பாட் இல்லை, சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டும் வால்ஹேக் இல்லை. நான் மாற்றியது ஒரே ஒரு ஃபான்ட் (எழுத்துரு) ஃபைல். விளையாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஸ்குவாடாக, அதாவது குழுவாக, ஆடும் எந்தத் துப்பாக்கி விளையாட்டிலும் இது நடக்கலாம்.

ஃபான்ட் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பள்ளத்தூர். எங்கள் ஸ்குவாடில் என் அத்தை மகனும் உண்டு, தேவகோட்டையில் இருக்கிறான். பிறவியிலேயே காது கேட்காது. மைக்கில் நாங்கள் கத்துவது அவனுக்குப் போய்ச் சேராது, சாட்டில் எழுதினால்தான் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது சத்தத்தை வைத்துக் கூட்டிப் படிக்கிற எழுத்து. சத்தமே கேட்டறியாதவனுக்கு அது எப்படிப் பிடிபடும்? தமிழ் எழுத்தில் கொடுத்தால் நம்மைவிட வேகமாகப் படிப்பான்.

அந்த விளையாட்டின் சாட்டில் தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். அரபிக்கும் தாய்லாந்து எழுத்துக்கும் இடம் வைத்தவர்கள் தமிழை விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை எடுத்து, விளையாட்டின் ஃபான்ட் ஃபைலோடு சேர்த்து, அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. ‘மேலே’ என்று அடித்தால் இரட்டைக் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பரவாயில்லை, படிக்க முடிந்தது. அதற்கப்புறம் மச்சான்தான் எங்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தான். எதிரி எந்தப் பக்கம் சுற்றி வருவான் என்று அவன் கணக்குப் போட்டு எழுதினால் பெரும்பாலும் தப்பாது.

பேன் உடனே வரவில்லை, பல வாரம் கழித்துத்தான் வந்தது. இது வேண்டுமென்றே செய்வது. ஹேக் விற்பவர்களுக்கு எது மாட்டியது என்று தெரியக் கூடாது என்பதற்காக, ஹேக்கைப் பிடிக்கும் ஆன்டி-சீட் சாஃப்ட்வேர் கண்டுபிடித்ததைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் பேன் போடுவார்கள். அது சரிதான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு எதற்காக பேன் என்றே புரியாமல் போகிறது. மெயிலில் இருந்தது ‘அனுமதிக்கப்படாத மாற்றம் கண்டறியப்பட்டது’ என்ற ஒரே வரி. நான் முதலில் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். காரணம், 2023 அக்டோபரில் கிராஃபிக்ஸ் சிப் செய்யும் ஏஎம்டியின் டிரைவரில், தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் ப்ளஸ் வசதியை ஆன் செய்த, வால்வ் கம்பெனியின் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டக்காரர்களுக்கே பேன் விழுந்தது. அந்த வசதி விளையாட்டின் புரோகிராம் பகுதியான டிஎல்எல் ஃபைலுக்குள் குறுக்கிட்டதால் ஆன்டி-சீட் அதை ஹேக் என்று எடுத்துக்கொண்டது. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, வால்வ் பேன்களை நீக்கியது. அதனால் டிரைவர், கீபோர்டு சாஃப்ட்வேர், விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது (எஃப்பிஎஸ்) என்று திரைமேல் காட்டும் ஓவர்லே என்று ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வழி காட்டியது வேறு விஷயம். அதே இரவில் மச்சானுக்கும் பேன். சிங்கப்பூரிலிருந்து எங்களோடு ஆடும் பெரியப்பா மகனுக்கு ஒன்றுமில்லை. அவன் ஒருவன்தான் ஃபான்ட் மாற்றாதவன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேன் ஆனதும் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, ‘ஃபைல்களை வெரிஃபை (சரிபார்த்து மீட்டல்) பண்ணு, இல்லை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு’ என்பது. செய்யாதீர்கள். வெரிஃபை செய்தால் மாற்றிய ஃபைலுக்கு மேல் பழைய ஃபைல் வந்து உட்கார்ந்துவிடும், நம் ஒரே சாட்சி காணாமல் போகும். முதலில் விளையாட்டு ஃபோல்டரையும் ஆன்டி-சீட்டின் லாக் (பதிவு) ஃபைல்களையும் பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பேன் எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வ் நடத்தும் விளையாட்டுத் தளமான ஸ்டீமில் வேக் பேன் (வால்வின் சொந்த ஆன்டி-சீட் போடுவது) வேறு, கேம் பேன் (விளையாட்டை உருவாக்கியவர்கள் போடுவது) வேறு. வேக் பேனை ஸ்டீம் சப்போர்ட் நீக்காது, பேச்சுவார்த்தைக்கே இடமில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கேம் பேன் என்றால் விளையாட்டை உருவாக்கியவர்களிடம்தான் போக வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை.

அப்பீல் படிவம் என்னைப் படுத்தியதுபோல் வேறு எதுவும் படுத்தவில்லை. காரணம் தேர்வு செய்யும் இடத்தில் மூன்று வரிகள்தான்: நான் ஹேக் பயன்படுத்தவில்லை, என் ஐடி திருடு போனது, வேறொருவர் என் ஐடியில் ஆடினார். ஃபைல் மாற்றினேன், ஆனால் அது ஆட்டத்தில் சாதகம் தராது என்று சொல்ல இடமே இல்லை. முதல் வரியைத் தேர்ந்தெடுத்து விளக்கம் எழுதினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் ‘மறுபரிசீலனை முடிந்தது, முடிவு இறுதியானது’ என்று பதில் வந்துவிடும். மனிதர் யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. திருடு போனது என்று போட்டால் ஆள் வருவான், அங்கே பேசிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். பொய் ஒருமுறை பதிவானால், அப்புறம் எந்த உண்மையைச் சொன்னாலும் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

டெலிகிராமில் ‘அன்பேன் செய்து தருகிறோம்’ என்று வருபவர்களையும் நம்ப வேண்டாம். பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பார்கள், ஐடி மொத்தமாகப் போய்விடும். புது ஐடி தொடங்கி ஆடுவதும் ஆபத்து. பல விளையாட்டுகளில் அதையே தனிக் குற்றமாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பிளாக் செய்துவிடுவார்கள்.

‘இறுதி’ என்ற சொல்லைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரைத் தவறாக பேன் செய்துவிட்டு, வால்வே பிறகு எல்லாவற்றையும் நீக்கி, ஆளுக்கு லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டையும் இலவசமாகக் கொடுத்தது. மனிதர் கண்ணில் பட்டால் முடிவு மாறும். எப்படிப் படவைப்பது என்பதுதான் கேள்வி.

எனக்கு வழி திறந்தது விளையாட்டின் இணையதளத்தில் பிரைவசி பாலிசி என்ற நீண்ட பக்கத்தின் கடைசியில். இந்தியாவுக்கான குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒரு மெயில் முகவரி இருந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். காசு கொடுத்து ஸ்கின் (தோற்றம் மாற்றும் அலங்காரம்) வாங்கிய நான் நுகர்வோர்தானே. அந்த விதியைச் சொல்லி எழுதினேன். முதல் தடவையாக, பெயர் போட்ட ஒருவரிடமிருந்து பதில் வந்தது. ஐடி உங்களுடையதுதான் என்பதற்கு முதலில் வாங்கியதன் ரசீது வேண்டும் என்றார்.

அங்கேதான் மறுபடி சிக்கல். முதல் தடவை காரைக்குடி செக்காலையில் ஒரு கடையில் ரொக்கம் கொடுத்து, விளையாட்டில் காசு ஏற்றும் ரகசிய கோட் உள்ள அட்டை வாங்கியிருந்தேன். அட்டை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. பஸ் ஏறிப் போனால் அன்றைக்குக் கொப்புடையம்மன் தேர், கடை பூட்டியிருந்தது. வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். அடுத்து போனபோது கடைக்கார அண்ணன், “அதுக்கெல்லாம் பில் போடறதில்லையே தம்பி” என்று முடித்துவிட்டார். உள்ளே நாற்காலியில் இருந்த அவருடைய அப்பா, “எந்த வருசம்?” என்று கேட்டார். “போன வருசத்துக்கு முந்தின வருசங்கய்யா, பொங்கலுக்கு முன்னாடி” என்றேன். அலமாரிக்கு மேலிருந்து ஒரு நீள நோட்டை இறக்கச் சொன்னார். அன்றாட வரவு முழுக்கப் பென்சிலில். விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். தேதி, தொகை, என் மொபைல் எண், பக்கத்தில் கோடின் கடைசி நான்கு எழுத்து. “யாவாரம்னா எழுதி வைக்கணும்ல” என்றார். போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த மற்றவர்களின் எண்களை மறைத்து அனுப்பினேன், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கடிதத்தை எப்படி எழுதினேன் என்பதையும் சொல்கிறேன், இதுதான் பலருக்கு உதவும். நான் நல்லவன், இத்தனை வருசமாக ஆடுகிறேன் என்ற பேச்சே வேண்டாம். எந்த ஃபைல், எந்த ஃபோல்டர், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதன் ஹாஷ் (ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு) என்ன என்று எழுதினேன். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து ஒரே கட்டளையில் ஹாஷ் எடுத்துவிடலாம். மாற்றிய ஃபைலையும் இணைத்தேன். சாட்டில் கட்டமாக வருவதற்கு ஒரு படம், எழுத்தாக வருவதற்கு ஒரு படம். எதிரி இருக்கும் இடம், குறி, வேகம் எதையும் இந்த ஃபைல் தொடாது, என் திரையில் மட்டும் எழுத்தைக் காட்டும் என்று ஒரு வரி. ஏன் தேவைப்பட்டது என்று இரண்டு வரி. மச்சான் தன் மாற்றுத்திறனாளி அட்டையை அனுப்பச் சொன்னான். எண்ணை மறைத்துத்தான் அனுப்பினேன். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும், முழு எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பதில் நாகரிகமாகவே இருந்தது. ஃபைலை மாற்றுவது விதிமீறல்தான், ஆனால் ஆட்டத்தில் சாதகம் எதுவும் கிடைக்கவில்லை என்று உறுதி செய்திருக்கிறோம், நிரந்தர பேனைத் தற்காலிகமாக மாற்றி இத்துடன் முடிக்கிறோம் என்றார்கள். சீசன் ரேங்க் பரிசுகள் வராது. அது போகட்டும். ஹேக்கர்களை விரட்டத்தான் வேண்டும், அவர்களால் எத்தனை ஆட்டம் பாழாகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஹேக் அடித்தவனுக்கும் எழுத்துத் தெரிவதற்காக ஃபைல் மாற்றியவனுக்கும் ஒரே தண்டனை, ஒரே வரி மெயில் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ் எழுத்தை விளையாட்டிலேயே சேருங்கள் என்று தனியாக எழுதியிருக்கிறேன். இதற்கு மட்டும் பதில் இல்லை. இப்போதைக்கு மானிட்டர் பக்கத்தில் மொபைலை நிறுத்தி வாட்ஸப்பில் எழுதுகிறோம். கண்ணைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் பல சண்டை கைவிட்டுப் போகும்.

அதையும் மச்சானோடு இன்னும் முழுசாகச் செய்து பார்க்கவில்லை, அவன் ஐடி வரவில்லை. அத்தையின் பழைய ஜிமெயிலில் தொடங்கிய ஐடி அது. அந்த மெயிலுக்குள் நுழைவதே தனிப் போராட்டமாகிவிட்டது. போன வாரக் கடைசியில்தான் திறந்தது. என் புகார் எண்ணையும் குறிப்பிட்டு அவன் பெயரில் அதே முகவரிக்கு எழுதினோம். நேற்று, புகார் கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போவது என்று முடிவு செய்துவிட்டோம்.