சரிவான தரை

சென்ற ஆண்டு கோத்தகிரிப் பக்கம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து சோற்றில் ரசம் வாங்கியதும், அது குழியில் நிற்காமல் இலையின் முன்விளிம்பை நோக்கி ஓடத் தொடங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த பையன், "கொஞ்சம் சோத்தை அணை கட்டிக்கிடுங்க அய்யா, இந்த மண்டபத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். மண்டபத்தின் தரை பின்சுவரிலிருந்து மேடை வரைக்கும் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. மேலே ஓடுகள் பதித்துப் பளபளப்பாக்கியிருந்தாலும் அந்த இறக்கத்தை யாரும் நிரவவில்லை. 1974இல், பதினோரு வயதில், இதே இறக்கத்தின் அடியில், வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, இந்த நாட்டில் என் முதல் படத்தைப் பார்த்தேன்.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் நகரத்துக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும், மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் எங்களைப் பங்கிட்டது. எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து மலைப்பாதைப் பேருந்தில் ஏறினோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெயர் பதிவாயிற்று. அந்தத் திட்டம்தான் பிறகு 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது இன்று எல்லோரும் டான்டீ என்று சொல்லும் நிறுவனம் ஆயிற்று.

எங்களை "தாயகம் திரும்பியோர்" என்று காகிதங்களில் எழுதினார்கள். ஆனால் என் தாத்தாவின் தாத்தா புறப்பட்டுப் போன ஊரைத் தவிர வேறொரு தாயகம் இங்கே எங்களுக்கு இருந்ததில்லை, அந்த ஊரும் சமவெளியில் எங்கோ இருந்தது. குளிரும் பனியும் கொழுந்தின் வாசனையும் பழகியவைதாம். பழகாதது மனிதர்களும் சொற்களும். நாங்கள் பாண் என்றால் கடைக்காரருக்குப் புரியவில்லை, ரொட்டி என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். தேயிலை விளைவித்தும் காய்கறி போட்டும் வாழ்ந்த படுகர்கள் தங்களுக்குள் பேசிய மொழி எங்கள் காதுக்குத் தமிழ்போலவும் தமிழல்லாததுபோலவும் கேட்டது. பள்ளியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆறு மாதமாயிற்று. அதுவரை நான் "சிலோன்காரன்".

முதல் தீபாவளிக்கு அப்பா எங்களைப் படத்துக்கு அழைத்துப்போனார். தோட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து டவுனுக்கு வந்து வரிசையில் நின்றோம். சில்லறையை என் கையில் கொடுத்து, பெரியவன் நீயே வாங்கு என்று அப்பா முன்னே விட்டார். நான் சீட்டுக் கொடுக்கும் பொந்தருகே எம்பி நின்று, "கலரி நாலு" என்றேன். உள்ளே இருந்தவருக்கு விளங்கவில்லை. இலங்கையில் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் பால்கனி, ஓ.டி.சி., கலரி என்றுதான் வகுப்பு, முன்வரிசை மலிவுச் சீட்டுக்குக் கலரி என்று பெயர். இங்கேயோ தரை, பெஞ்சு, சேர் என்று ஆட்கள் உட்காரும் பொருளின் பெயரே வகுப்பின் பெயராக இருந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். உள்ளே இருந்தவர் சிரிக்கவில்லை. பொந்துக்குள்ளிருந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "தரையா, பெஞ்சா தம்பி? மூணு மணி நேரம் உக்காரணும், குழந்தைங்க இருந்தா பெஞ்சு வாங்கு" என்றார். கையில் இருந்த காசுக்குத் தரைதான் கிடைக்கும், அதைத்தான் வாங்கினேன். ஆனால் அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட மாதிரி, பையில் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் எது வசதி என்று, அதற்கு முன் இந்த ஊரில் எங்களை யாரும் கேட்டதில்லை.

இந்தக் கட்டடங்களின் வரலாற்றைப் பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்ததற்கு அந்தப் பொந்துதான் காரணம். கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். கொட்டகை என்ற சொல் சினிமாவுக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் கூடார நாட்களில்தான், கல்லிலும் காரையிலும் கட்டிய பிறகும் எங்கள் வீட்டில் கொட்டகை கொட்டகையாகவே இருந்தது. மலைக்கு மேலே கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. உதகமண்டலத்தின் அசெம்பிளி ரூம்ஸ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் நடனமாடவும் நாடகம் போடவும் எழுப்பிய கூடம். பின்னர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி எடுத்த முயற்சியால் ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்து திரையரங்காயிற்று. சமவெளியில் கூடாரம் அரங்கமானது, மலையிலோ நடனக்கூடம் அரங்கமானது. ஆக, இந்தக் கட்டடங்கள் வேலை மாறுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல.

மின்சாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகுதான் கோவை வட்டாரத்து ஆலைகளும் அதே பத்தாண்டில் எழுந்த படப்பிடிப்பு நிலையங்களும் நிமிர்ந்து நின்றன. நீலகிரியின் தண்ணீர் மின்சாரமாகிக் கீழே இறங்கிப் போய், படமாகிப் பெட்டியில் அடைபட்டு மறுபடி மலையேறி வந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை வேறு, 'இந்து' என்ற பெயரில் சுருளே செய்துகொடுத்தது. அந்த ஆலை இப்போது இல்லை, இந்து நகர் என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கொட்டகையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆபரேட்டர் அறை. பழைய நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும், பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. 1950களின் தொடக்கத்தில் அந்தச் சுருள் உலகெங்கும் கைவிடப்பட்டாலும், அதற்காக எழுதிய விதிகள் கட்டடங்களின் உடம்பிலேயே தங்கிவிட்டன. கனத்த சுவரும், அரங்கைத் தொடாமல் வெளிப்புறத்திலிருந்து ஏறும் படிக்கட்டும், ஒளி போகக் கையகலச் சதுர ஓட்டைகளும், தீ பிடித்தால் அவற்றை அடைக்க மேலிருந்து விழும் இரும்புத் தகடும், சிவப்பு வாளிகளில் மணலும் அங்கே இருந்தன. ஓட்டைகள் இரண்டிரண்டாக இருந்ததற்குக் காரணம், ஒரு கருவியில் சுருள் முடியும் நொடியில் மற்றதை ஓட்டிவிட வேண்டும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். விளக்கு என்பது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையில் எரிந்த மின்பொறிதான், அது எரிந்து தேயத் தேய ஆபரேட்டர் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்த துண்டுகளை வெளிப்படிக்கட்டின் கீழே கொட்டுவார். செம்பு முலாம் பூசிய அந்தத் துண்டுகளுக்காக நாங்கள் ஓடுவோம். அதைக் கொடுத்துத்தான் பள்ளியில் என் முதல் நண்பனைப் பிடித்தேன். அவன் ஒரு படுகர் வீட்டுப் பையன். ஒரு விரல் நீளத் துண்டுக்கு ஈடாக அவன் எனக்கு எண்களைத் தன் மொழியில் சொல்லிக்கொடுத்தான்.

படப்பெட்டி கோவையிலிருந்து பேருந்தில் வரும். பெட்டி வந்துவிட்டதா என்று கேட்பதற்கே ஆட்கள் நிறுத்தத்தில் நிற்பார்கள். 1978ஆம் ஆண்டுப் பெருமழையில் மண் சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டபோது, கீழிருந்து எதுவும் வரவில்லை. இருந்த பழைய படத்தையே நாளெல்லாம் ஓட்டினார்கள். தகரக் கூரையில் மழை விழும் ஓசையில் ஒரு வசனமும் கேட்காது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை, ஏனென்றால் அந்த வாரம் ஊரில் நனையாத பெரிய இடம் அது ஒன்றுதான்.

நாங்கள் இந்த ஊரில் வேர் பிடித்த கதையில் கொட்டகைக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கப்பல் கப்பலாகப் பிரித்து அனுப்பினார்கள். அண்ணன் ஒரு தோட்டத்திலும் தம்பி வேறு மாவட்டத்திலும் விழுந்தார்கள். அம்மாவின் அக்கா குடும்பம் எங்களுக்கு இரண்டு ஆண்டு முன்னமே புறப்பட்டுவிட்டது, அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்பதற்கு ஒரு கடிதமும் வந்து சேரவில்லை. 1975 பொங்கலுக்கு மறுநாள் பகல் காட்சியின் இடைவேளையில், சோடாக் கடை ஓரத்தில், அம்மா திடீரென்று என் கையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். ஒரு பெண்ணின் பின்னலைப் பார்த்தே அடையாளம் கண்டிருக்கிறார். அவள் பெரியம்மாவின் மூத்த மகள். கூடலூர்ப் பக்கம் குடியேறி, இங்கே ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். இருவரும் பேசவில்லை. அக்கா கையில் இருந்த முறுக்குப் பொட்டலம் நசுங்கும் வரைக்கும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்து விளக்கு அணைந்து படம் தொடங்கிய பிறகும் நாங்கள் வெளியிலேயே நின்றோம். அன்றைக்குப் பாதிப் படத்தோடு வீடு திரும்பினோம், கடைசிப் பேருந்துக்கு வெகுநேரம் இருந்தும்.

பிறகு வீடியோ கேசட்டும், கேபிள் டிவியும் வந்தன. கொட்டகை அவற்றை எப்படியோ தாங்கிக்கொண்டது, சுருள் ஒழிந்து டிஜிட்டல் கருவி கட்டாயமானதைத்தான் தாங்கவில்லை. அந்தக் கருவிக்கு வேண்டிய முதலைப் போட்டால் திரும்ப எடுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டமோ திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்டது. எங்கள் லயங்களிலேயே பாதிக் கதவுகள் பூட்டிக்கிடக்கின்றன. பூட்டிய கொட்டகை முதலில் தேயிலைச் சாக்குகள் அடுக்கும் கிடங்காயிற்று. சரிவில் மூட்டைகள் முன்னால் சாயாமல் இருக்க ஒவ்வொரு வரிசைக்கும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்ததை நானே பார்த்தேன். பிறகு சில ஆண்டு சுற்றுலா வண்டிகள் நிறுத்தினார்கள். அதன் பின்புதான் திருமண மண்டபம். மலையில் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடுகள் மிகுதி, உயரத்துக்கும் வரம்பு உண்டு. இவ்வளவு உயரமும் அகலமுமுள்ள கூடத்தை இடித்துவிட்டால் இன்னொன்று கட்ட முடியாது என்பதால்தான் சமவெளிக் கொட்டகைகளைப் போல இது தரைமட்டமாகவில்லை. காரணம் எதுவாயினும் எனக்கு அது நல்லதாகப் போயிற்று. இடிக்காமல் வேலை மாற்றுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தரையின் சரிவையும் ஆபரேட்டர் அறையின் சுவரையும் விட்டுவையுங்கள். அவை இரண்டும் இருந்தால், அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் மண்டபக் காப்பாளரிடம் கேட்டு வெளிப்படிக்கட்டில் ஏறினேன். ஆபரேட்டர் அறையில் ஜமுக்காளங்களும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. சதுர ஓட்டைகளில் மூன்றைப் பூசிவிட்டார்கள். நான்காவதன் வழியாக ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, முன்பு வெள்ளைத்திரை இருந்த சுவரில் மாட்டியிருந்த பெரிய எல்.இ.டி. திரைக்குப் போயிற்று. மேடையில் நிற்கும் மணமக்களின் முகம் அதில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. பெரியம்மா மகளின் பேத்திதான் மணப்பெண்.

நான் கீழே இறங்கி வந்தபோது அம்மாவை நாற்காலியில் காணவில்லை. எண்பது வயதுக்காரர், சரிவில் தடுமாறி விழுந்துவிட்டாரோ என்று தேடிக்கொண்டு பக்கவாசலுக்குப் போனேன். சோடாக் கடை இருந்த ஓரத்தில் இப்போது கைகழுவும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கடைசித் தொட்டிக்கு அருகில், வழியில் வருகிறவர்களுக்கு ஒதுங்காமல், அம்மாவும் அக்காவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.