களிமண்ணில் பெருகும் அலை

தண்டையார்பேட்டை பக்கம் நில அதிர்வுச் சோதனை என்றால் இரவில்தான் செய்ய முடியும். பகலில் கன்டெய்னர் லாரிகள் ஓடும்போது, தரையின் அதிர்வைப் பதியும் கருவியான ஜியோபோனில் வேறு எதுவும் பதிவாகாது. சாலையோரம் ஜியோபோன்களை வரிசையாகக் குத்திவைத்து, இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் அடிப்போம். அலை ஓடும் வேகத்தை வைத்து அடியில் இருப்பதைக் கணிப்போம்.

கிண்டி பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சார்னோகைட் பாறை தட்டும். வடசென்னை அப்படியில்லை, பல இடங்களில் மணலும் கடல் களிமண்ணும்தான்.

நிலநடுக்க அலை அடியிலுள்ள கெட்டி அடுக்கிலிருந்து இந்தக் களிமண்ணுக்குள் ஏறும்போது அதன் வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, கூடும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில் தடுமாறுவார்கள். "எல்லையில பாதி ஆற்றல் திரும்பிப் போயிடுது, அப்புறம் வீச்சு எப்படி சார் கூடும்?" அருமையான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டே காட்டுவேன்.

அடியில் கெட்டியான அடுக்கு: கனமீட்டருக்கு 2,200 கிலோ, குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை) வேகம் நொடிக்கு 800 மீட்டர். மேலே களிமண்: 1,700 கிலோ, 150 மீட்டர். அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் வருவது இம்பீடன்ஸ்; இரண்டு அடுக்குக்கும் அது எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு ஆற்றல் எல்லையில் திரும்பும். அலை நேர்க்குத்தாக மேலே வந்தால் சுமார் 56 சதவீத ஆற்றல் எல்லையிலேயே திரும்பிவிடும். உள்ளே போவது 44 சதவீதம்தான். ஆனாலும் 1 மில்லிமீட்டர் வீச்சு களிமண்ணில் 1.75 மில்லிமீட்டர் ஆகிவிடும். அலை மெதுவாக ஓடும் இளகிய மண்ணில், குறைந்த ஆற்றலே பெரிய ஆட்டத்தைக் கொடுக்கும். நம் சம்மட்டி அலை மேலிருந்து கீழே போகும்போது இதற்கு நேர்மாறு: வீச்சு கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

தரைமட்டத்தை எட்டும்போது வீச்சு இன்னொரு மடங்கு கூடும். களிமண் 15 மீட்டர் தடிமன் என்றால் அதன் இயல்பான ஆட்டக் காலம், அதாவது ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம், 0.4 நொடி. தளத்துக்கு 0.1 நொடி என்ற தோராயக் கணக்கில், தரைத்தளமும் மூன்று மாடியுமாக நான்கு தளம் உள்ள குடியிருப்பு அதே தாளத்தில் ஆடும். வடசென்னையில் அந்த உயரத்தில் எத்தனை குடியிருப்புகள்!

1985 நிலநடுக்கத்தின்போது மெக்சிகோ நகரம் அதன் மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருந்தது. பழைய ஏரிப்படுகைக் களிமண் மேல் நின்ற கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. "நிலநடுக்கம் எங்கேயோ தூரத்துல வருது, நமக்கென்ன சார்?" என்று வேலை கொடுப்பவர் கேட்டால், இதைத்தான் சொல்வேன். கெட்டி அடுக்கு தட்டும் வரை அளக்காமல் என் அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.