ஜலஜ் சக்சேனா

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் யார் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. ஜலஜ் சக்சேனா. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்துக்கு எதிராகத் திருவனந்தபுரம் தும்பாவில் அந்த எல்லையைத் தொட்டார். இந்தியாவுக்காக ஒரு போட்டிகூட ஆடியதில்லை.

இந்தோர்க்காரர். 2005-இல் மத்தியப் பிரதேச அணியில் தொடங்கினார். தொடக்க ஆட்டக்காரராக இறங்குவார், அப்புறம் நாள் முழுக்க ஆஃப் ஸ்பின் போடுவார். அதே காலத்தில் இந்திய அணியில் ஹர்பஜன், அப்புறம் அஸ்வின், ஜடேஜா. அந்த வரிசையில் இவருக்கு எங்கே இடம்? நேரம் சரியில்லை என்பதை ஓரளவுதான் ஒத்துக்கொள்வேன். ஒரு தொடருக்காவது கூட்டிப்போயிருக்கலாம்.

2016-இல் கேரளாவுக்கு வந்தார். அதுவரை ரஞ்சியில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அணி. அடுத்த பருவத்தில் முதல்முறையாகக் காலிறுதி, அதற்கடுத்து அரையிறுதி. 2025-இல் அகமதாபாத் அரையிறுதி நினைவிருக்கிறதா? குஜராத் வீரர் அடித்த பந்து, அருகில் நின்ற கேரள வீரர் சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிற, கேப்டன் சச்சின் பேபி பிடித்தார். ஆட்டம் டிரா ஆக, முதல் இன்னிங்ஸில் கிடைத்த 2 ரன் முன்னிலையில் கேரளா முதல்முறையாக இறுதிக்குப் போனது. அந்த ஹெல்மெட்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதே இன்னிங்ஸில் ஜலஜ் 4 விக்கெட் எடுத்ததை எத்தனை பேர் சொன்னார்கள்?

ஐபிஎல்லில் பல அணிகளில் இருந்தும், ஆடக் கிடைத்தது 2021-இல் பஞ்சாபுக்காக ஒரே ஆட்டம்.

2025-26 பருவத்தில் மகாராஷ்டிராவுக்கு மாறிவிட்டார். முதல் ஆட்டமே திருவனந்தபுரத்தில், கேரளாவுக்கு எதிராக! 18 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ருதுராஜுடன் நின்று 49 அடித்தார். அப்போது வயது 38.