மினுத்தோங் கல்லறையும் மொய்ராங் சாலையும்

மணிப்பூரின் தலைநகரான இம்பாலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும், இரண்டாம் உலகப் போரில் மடிந்த 1,600 பேர் அடக்கம் செய்யப்பட்ட இம்பால் போர்க் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே நகரின் மினுத்தோங் பகுதியில் உள்ள இந்திய இராணுவப் போர்க் கல்லறைக்கு நான் வழி கேட்டபோது, ஆட்டோ ஓட்டுநரே சற்று யோசித்தார். இரண்டையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே பராமரிக்கிறது. புல்வெளியின் நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை, ஆட்கள்தாம் வருவதில்லை.

இங்கே 828 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றைக் கைப்பற்றும் தாக்குதலுக்குத் தலைமையேற்று உயிரிழந்து, பின்னர் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற 9ஆம் ஜாட் படைப்பிரிவின் ஜமேதார் அப்துல் ஹபீஸும் அவர்களில் ஒருவர். தத்தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 868 பேரின் பெயர்களைத் தனி நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். புதைகுழி இல்லாதவனுக்கும் பெயர் உண்டு என்று ஒரு பேரரசின் இராணுவம் ஒப்புக்கொண்ட இடம் என்பதால், நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் போரிட்ட இவர்களை எதிர்த்து வந்த ஜப்பானியப் படையோடு, சுபாஷ் சந்திர போஸ் தலைமையிலான இந்திய தேசிய இராணுவமும் வந்தது. அதாவது இந்தியர்கள் இருபுறமும் இருந்தார்கள். இம்பாலிலிருந்து பர்மாவின் திடிமுக்குப் போகும் திடிம் சாலையில் தெற்கே போனால், 1944 மே இறுதியில் கடும் சண்டை நடந்த மைபம் லோக்பாச்சிங் குன்றின் அடியில், ஜப்பான் அரசு 1994இல் அமைத்த அமைதி நினைவிடம் இருக்கிறது. அருகிலேயே 2019இல் திறக்கப்பட்ட இம்பால் அமைதி அருங்காட்சியகம், யாருடைய போரோ தங்கள் வயல்களில் நடந்ததைக் கண்ட மணிப்புரி மக்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், எனக்கு நினைவிடத்தைவிட முக்கியமாகப் பட்டது. (2023 மே மாதம் வெடித்த மைதேய்–குக்கி இன மோதலுக்குப் பிறகு அம்மக்களே இரண்டுபட்டு நிற்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.)

அதே சாலை மொய்ராங்குக்குப் போகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய இராணுவம் கொடியேற்றிய அவ்வூரின் நினைவகத்தில், மடிந்த அதன் வீரர்களுக்காகச் சிங்கப்பூரில் போஸ் அடிக்கல் நாட்டி, 1945இல் பிரிட்டிஷார் தகர்த்த நினைவுச் சின்னத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். மினுத்தோங்கில் இருப்பதைப்போல, அவர்களில் பர்மாவிலும் எல்லையிலும் மடிந்தவர்களின் பெயர்களையும் ஊரோடும் படைப்பிரிவோடும் கல்லில் பொறிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போகிறவர்கள் காலையிலேயே மினுத்தோங்கிலிருந்து கிளம்பினால், மூன்று இடங்களையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.